நத்தாருக்கு வராத இருவர்

ஜேர்மனியின் ஹம் நகரில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு புதிய தாதி வந்தாள். இந்தியப் பெண் ஒருத்தி வருகிறாள் என்று மேலாளர் சொன்னதும், தமிழில் கதைக்க ஓர் ஆள் கிடைத்தது என்று நினைத்தேன். வந்தவள் வடகிழக்கில் மேகாலயாவைச் சேர்ந்தவள், ஊர் ஷில்லோங். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தவை இரண்டுதான்: டொச் எனும் ஜேர்மன் மொழியும் கத்தோலிக்கக் கோவிலும். நான் இலங்கையின் மன்னார்க்காரி. ஞாயிறுகளில் ஒரே பூசைக்குப் போய், பிறகு எங்கள் வீட்டில் சாப்பிடுவது வழக்கமானது. கோவிலுக்கு வரும் மற்றத் தமிழ்ப் பெண்களைப் பார்த்து அவளும் என்னை அக்கா என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள்.

சென்ற கோடையில் அவள்தான் கேட்டாள், இந்த நத்தார்ப் பண்டிகைக்கு எல்லோருமாக ஷில்லோங்கில் தன் வீட்டுக்குப் போவோமா என்று. நான், கணவர், மகன், அவள் என்று நாலு பேருக்கும் பயணம் பேசினோம். மகன் டோர்ட்மண்டில் ஒரு கிடங்கில் மின்வேலை செய்கிறான். நத்தாரில் லீவு தரமாட்டார்கள் என்று ஆரம்பத்திலேயே விலகிவிட்டான். பறப்பதற்குப் பத்து நாள் இருக்கும்போது அவளும் வந்து, தனக்கும் விடுமுறை இல்லை என்றாகிவிட்டது, நீங்கள் இருவரும் போங்கள், வீட்டில் காத்திருக்கிறார்கள் என்றாள்.

அன்று மாலையே வேலை அட்டவணையைப் போய்ப் பார்த்தேன். அவளுடைய பெயருக்கு நேரே பயண நாட்கள் எல்லாவற்றுக்கும் விடுமுறைக் குறி இருந்தது. அவள் பொய் சொல்லியிருந்தாள். யோசித்துப் பார்க்க, கடந்த மூன்று மாதமாகவே அவளிடம் ஒரு மாற்றம். அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். எந்தப் பெயரும் சொல்லாமல், என் எதிரே வந்து நின்றுதான் பேச்சைத் தொடங்குவாள். ஊரில் ஏதோ பிழை செய்துவிட்டு வந்திருக்கிறாள், அதனால்தான் போகப் பயப்படுகிறாள் என்று முடிவு கட்டினேன்.

“நீர் ஏன் அந்தப் பெட்டையைத் துருவுறீர்? ரிக்கற் போட்டாச்சு, போவம்” என்றார் கணவர்.

தாய்க்குக் கொடுக்கச் சொல்லி ஒரு குளிர்கோட்டும் சொக்லேற்றும் தந்தாள். நான் கோட்டின் பைகளையெல்லாம் வெளியே இழுத்துப் பார்த்தேன், உள்மடிப்பின் தையலைக்கூடத் தடவினேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் இருந்ததுகூட எனக்கு நிம்மதியைத் தரவில்லை.

குவாஹாத்தி விமான நிலையத்துக்கு அவளுடைய மூத்த சகோதரியும் சகோதரியின் கணவரும் காருடன் வந்திருந்தார்கள். சகோதரி பள்ளி ஆசிரியை, நல்ல ஆங்கிலம். எங்களுடையது தட்டுத்தடுமாறிய ஆங்கிலம். மலையேற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழிநெடுக அவர் முன் இருக்கையிலிருந்து திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்தபடி வந்தார். விருந்தாளியைப் பார்க்கும் பார்வையாக அது இருக்கவில்லை. நாங்கள் கதைக்கும் தமிழ் அவருக்கு விளங்காது என்று தெரிந்தும் நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

தகரக் கூரையும் மரத்தரையும் கொண்ட வீடு. தாய் வாசலில் நின்றார். சின்ன உருவம், தோளில் கட்டம்போட்ட சால்வை. உட்கார்ந்ததும் தட்டில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் வந்தன. எங்களுக்குத் தெரிந்த பொருள்தானே என்று ஆளுக்கு ஒரு வாய் போட்டோம். ஆனால் அது காய்ந்த பாக்கு அல்ல, ஈரத்தில் ஊறிய பாக்கு. இரண்டு நிமிடத்தில் காது சூடேறி, அந்தக் குளிரிலும் எனக்கு முதுகு வியர்த்தது. கணவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என்னத்தைக் குடுத்திட்டினம்?” என்று வாயசைக்காமல் கேட்டார்.

எதிரே இருந்த தாயும் மகளும் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தாய் ஏதோ சொல்ல, மகள் சிரித்து, புதியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று தண்ணீர் கொடுத்தார். தண்ணீரையும் நான் முதலில் மணந்து பார்த்துத்தான் குடித்தேன்.

அடுத்த நாள் காலையில் சகோதரியின் கணவர் எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கேட்டார். வெளிநாட்டவர் வீட்டில் தங்கினால் பதிய வேண்டுமாம். கொடுத்துவிட்டோம், ஆனால் என் கணவரின் முகம் வெளிறிவிட்டது. நாங்கள் ஜேர்மனிக்கு வந்த காலத்தில் எங்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் மொஸ்கோவில் வாங்கிய பாஸ்போர்ட்டுகள் கடைசிவரை திரும்பி வரவில்லை. அந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

பிறகு கேள்விகள் தொடங்கின. ஹம்மில் இருப்பது சொந்த வீடா, வாடகையா? எத்தனை அறை? பெண் பிள்ளை உண்டா? ஒரே மகனா? மகன் கோவிலுக்குப் போவானா, குடிப்பானா? எல்லாம் மரியாதையாகத்தான் கேட்கப்பட்டன, ஆனால் ஒவ்வொரு பதிலையும் சகோதரி உடனே தாய்க்கு மொழிபெயர்த்தார். தாய் தலையாட்டாமல் கேட்டுக்கொண்டார். தகப்பன் மட்டும் அடுப்பருகே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அறைக்குள் வந்ததும் கணவர் தன் கண்டுபிடிப்பைச் சொன்னார். “இவை கேக்கிற கேள்வியளைப் பாரும். எங்களைப் பிடிச்சு ஆரையோ ஜேர்மனிக்கு அனுப்பப் பாக்கினம். பாஸ்போர்ட்டும் அதுக்குத்தான்.”

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஆனால் அன்று பின்னேரம் தாய் என் கையைப் பிடித்து வீடு முழுவதும் காட்டியதற்கு அதில் விளக்கம் இல்லை. சமையலறை, சேமிப்பறை, மேல்மாடி, பின்வளவில் பம்ளிமாஸ் மரம். அலுமாரிகளைத் திறந்து போர்வைகளைக்கூடக் காட்டினார். கடைசியாகத் தன் இளைய மகளின் அறை. விரித்த கட்டில், துடைத்த மேசை. அங்கே நின்று என் முகத்தையே பார்த்தார். நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்று விளங்காமல், நல்ல வெளிச்சம் என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

நத்தார் காலையில் பூசை முடிந்து, உறவினர் வீடுகளுக்கு நடந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர், கேக், சர்க்கரையும் அரிசி மாவும் சேர்த்துப் பொரித்த ஒரு பலகாரம். எங்கள் அரியதரத்தின் ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம், அவ்வளவு ஒற்றுமை. அதைச் சந்தேகமில்லாமல் சாப்பிட்டேன். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. “கத்து” என்பது போலக் கேட்கும். அதைச் சொல்லும்போதெல்லாம் எங்களை ஒரு தரம் பார்ப்பார்கள். நான்காவது வீட்டில் கணவர் தேநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

மதியம் வீட்டில் பெரிய மேசை போட்டார்கள். மஞ்சளாக ஒரு பன்றியிறைச்சிச் சோறு, கரிபோலக் கறுத்த ஒரு இறைச்சிக் கறி, புளிக்கவைத்த சோயாச் சம்பல். கறுப்புக் கறியைக் கணவர் கரண்டியால் கிளறிப் பார்த்தார். நான் துணிந்து வாயில் வைத்தேன். எள்ளு. அரைத்த கறுப்பு எள்ளு. அவருக்குச் சொன்னதும் அவரும் எடுத்தார், இரண்டாம் முறையும் எடுத்தார்.

அப்போது தாய் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக ஏதோ கேட்டார். தகப்பன்கூட நிமிர்ந்தார். சகோதரி சற்றுத் தயங்கி, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

“அம்மா கேட்கிறார், கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் மகன் இங்கே வந்து இருப்பாரா?”

கணவர் சிரித்தார். தன் ஆங்கிலம்தான் பிழைத்துவிட்டது என்று நினைத்தார். நான் சிரிக்கவில்லை. வராத இரண்டு பேரையும் அந்த நிமிடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

“ஆரின்ரை கல்யாணம்?” என்றார் கணவர் என்னிடம்.

எங்கள் முகத்தைப் பார்த்த சகோதரிக்கு விஷயம் விளங்கிவிட்டது. உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அவளுடைய ஹம் சமையலறை. மகன் மேசையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கிறான். வீட்டில் ஒரு நாளும் வெட்டாதவன். பின்னால் அவளுடைய உடுப்புத் தோய்க்கும் மெசின். வீடு மாறியபோது அதைத் தூக்க ஆள் வேண்டும் என்றாள், நான்தான் மகனை அனுப்பினேன்.

சகோதரி வெட்கத்தோடு மீதியைச் சொன்னார். அவர்கள் காசி எனும் மலைவாழ் இனத்தவர். அங்கே வீடு கடைசி மகளுக்குத்தான் போகும். தாய் தகப்பனைப் பார்ப்பதும் அவள் கடமை, கல்யாணம் செய்கிற ஆண் அவள் வீட்டுக்கு வருவான். கத்து என்றால் கடைசி மகள். நாங்கள் பெண் கேட்டு வந்திருக்கிறோம் என்று ஊர் முழுக்க நினைத்திருக்கிறது. இரண்டு நாளாக நாங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாததால், வீடு பிடிக்கவில்லை, அல்லது பெண்ணைக் கொண்டுபோய்விட்டுத் திருப்பி அனுப்பாத ஆட்கள் என்று அவர்களும் எங்களைச் சந்தேகித்திருக்கிறார்கள்.

நான் எழும்பிப் பின்வளவுக்குப் போய் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஹம்மில் அப்போது காலை ஒன்பதரை. மணி இரண்டாம் தரம் அடிக்கும்போதே எடுத்தான்.

“நீ வேலையிலையோ?”

“இல்லை, வீட்டில” என்றான்.

“அவள் பக்கத்தில நிக்கிறாளோ?”

“ஓம் அம்மா” என்றான். “கோவிக்காதேங்கோ. நேரில சொல்ல ஏலாமல் கிடந்தது. அவையளைப் பாத்துப் பழகினா உங்களுக்குப் பிடிக்கும் எண்டு நினைச்சனாங்கள்.”

ஒன்றரை வருடமாம். காதலிக்கிறவனின் தாயை அக்கா என்று கூப்பிடக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தானாம். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். கோபத்தைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. மற்றவர்கள் வீட்டில், அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தெரியாதவளாக இருந்திருக்கிறேன்.

சிறிது நேரத்தில் தாய் வெளியே வந்தார். மகள் அனுப்பிய கோட்டைப் போட்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் சில சொற்கள்தான். எனக்கும் அப்போது அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

“என் மகள். கடைசி” என்று வீட்டைக் காட்டினார்.

“என் மகன். ஒருவன்” என்றேன்.

நான் இருந்த வாங்குப் பலகையில் அவரும் என் பக்கத்தில் அமர்ந்தார். உள்ளே கணவர் ஏதோ சொல்லி எல்லோரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவருக்கு எப்போதும் எல்லாம் சீக்கிரம் சரியாகிவிடும்.

மறுநாள் பாஸ்போர்ட்டுகள் ஒரு பதிவுத் துண்டோடு திரும்பி வந்தன. இன்னும் மூன்று நாள் இருந்தோம். சகோதரி வீட்டிலும் விருந்து. ஆனால் கல்யாணப் பேச்சை நான் எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை. விடைபெறும்போது தாய் ஒரு பை நிறையப் பம்ளிமாஸ் தந்தார். விமானத்துக்குக் கூடாது என்று நான் சொல்லியும் கேட்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் உடை மாற்றும் அறையில் அவள் எனக்காக நின்றாள். ஏன் என்னை ஏமாற்றினாய் என்று டொச்சில் கேட்டேன். அவள் அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. “சொல்லியிருந்தால் போயிருப்பீர்களா?” என்றாள். போயிருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும், வேலை உடுப்பை எடுத்து மாட்டினேன். பிறகு இருவரும் வேலைக்குப் போனோம். அன்று முழுக்க வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான்.

இப்போது அவள் மறுபடி ஞாயிறுகளில் வருகிறாள், பூசை முடிந்து மகனோடு. வசந்தத்தில் கல்யாணப் பதிவு, அடுத்த நத்தாருக்கு ஷில்லோங்கில் கோவில் கல்யாணம் என்று பேசியிருக்கிறார்கள். என்னை அவள் அம்மா என்று கூப்பிடுகிறாள், நானும் ஓம் என்கிறேன். எங்கே இருக்கப் போகிறார்கள் என்று கேட்டால், ஹம்மில்தான், வேலை இங்கேதானே என்று இருவரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அந்த ஒரே குரல்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் மகனின் அறையில் துணி எடுக்கப் போனபோது மேசையில் ஒரு கொப்பி திறந்து கிடந்தது. ஒரு பக்கம் தமிழ் எழுத்தில் காசிச் சொற்கள், மறு பக்கம் அவற்றின் பொருள். தண்ணீர், சோறு, மழை, கூரை. கேட்டதற்கு, மாமியோடு நாலு வார்த்தை கதைக்கத்தான் அம்மா என்றான். மாமியோடு கதைக்கக் கூரை எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொப்பியை மூடி வைத்துவிட்டு வந்தேன்.