இன்னொரு மூடி மருந்து

என் மாமாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று இருந்தது. வயலில் பன்றி விரட்ட என்று வாங்கியது. எந்தப் பன்றியும் அதற்குப் பயந்ததாக எனக்கு நினைவில்லை. பெருநாள் சாயங்காலம், அறுப்பு முடிந்த வயலின் கடைசி வரப்பில் ஓட்டைக் குடம் ஒன்றை வைத்துச் சுடுவதுதான் அதற்கு இருந்த பெரிய வேலை. தெருவே கூடி நின்று பார்க்கும்.

சுட்ட தோட்டாவை மாமா எறியமாட்டார். காலிக் கூட்டில் திரும்ப வெடிமருந்து போட்டு, தக்கை வைத்து, ஈய ரவை நிரப்புவதில் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். ஒரு கூட்டுக்கு ஒரு பித்தளை மூடி மருந்து. தக்கை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பார். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். அந்த நேரத்தில் அறைக்குள் இருக்க எனக்கு மட்டும்தான் அனுமதி. நான் வாய் திறக்காத பிள்ளை.

நான் நாலாவது படித்த வருஷம். பெருநாள் பிரியாணிக்கு உட்கார்ந்திருந்தபோது அத்தா, அதாவது என் தகப்பனார், மாமாவைச் சீண்டினார்.

“போன தடவ வேட்டுச் சத்தமே கேக்கலியே மச்சான். குடம் காத்துல விழுந்துச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு கூடுகளில் மருந்து போட்டு முடித்திருந்தார். வாசலில் யாரோ கூப்பிட, எழுந்து போனார். இன்னொரு மூடி மருந்தை அள்ளி நடுவில் இருந்த ஒரு கூட்டில் கொட்டினேன். அது ஒன்றாவது ஊரை அதிரவைக்கட்டும்!

மாமா அவசரமாகத் திரும்பினார். ஆட்கள் வயலுக்குப் போய்விட்டார்களாம். டார்ச்சை அன்று அவர் தேடவில்லை. தக்கையும் ரவையும் போட்டு மூடி, ஆறையும் மஞ்சள் பைக்குள் தள்ளினார். பையைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் ஓடினேன்.

முதல் வேட்டு. வயலெங்கும் இருந்த கொக்குகள் வெள்ளையாக எழும்பின. இது இல்லை, என்னுடையது இதைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டாவது வேட்டில் குடம் உருண்டது. ஒரே விசில். இதுவும் இல்லை. இனி நாலுதான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் மருந்து போட்டா என்ன மச்சான்?” என்றார் அத்தா. “காது குளிரக் கேக்கலாம்ல.”

“போடலாம். குழாய் பொளந்து என் மூஞ்சியும் சேந்து போயிடும். அப்பறம் நீங்க யாரக் கேலி பண்ணுவீங்க?” மாமா சிரித்துக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினார். “குடு மாப்ளே, அடுத்தத.”

சொல்ல வேண்டும். அத்தனை பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையோடு திரும்பி ஓடினேன். வடிகால் வரை ஓடி, பையைத் தண்ணீருக்குள் விட்டெறிந்தேன்.

அத்தா முதுகில் ஒன்று வைத்தார். “ரெண்டு வேட்டுக்கே பயந்துட்டான் பாருங்க, ஆம்பளப் புள்ள!” கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. பயந்தாங்கொள்ளி என்ற பெயர் எனக்கு வெகுநாள் இருந்தது.

மாமா மட்டும் போகவில்லை. பெருநாள் வேட்டியோடு சேற்றில் இறங்கித் துழாவி, நாலு தோட்டாவையும் எடுத்துக்கொண்டு கரையேறினார்.

“நீ சத்தத்துக்குப் பயப்படுறவன் இல்லியே. என்னடா பண்ணுன?”

இரண்டு விரலைக் காட்டினேன்.

“ரெண்டு மூடியா? எத்தனைல?”

ஒரு விரலைக் காட்டினேன்.

மாமா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. சேற்றுக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை வெடவெடவென்று நடுங்கியது. மனிதருக்கு என் மேல் இவ்வளவு கோபமா என்று நினைத்து நான் அழ ஆரம்பித்தேன்.