பால் நிறுத்திய ஆறு மாதம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இரண்டு வரி எழுதுவேன், என் அக்காவின் முகம் வந்து முன்னால் நிற்கும், அழித்துவிடுவேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். திண்டுக்கல் காய்கறி மண்டியில் சரக்குத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. போன மாதம் அக்காவே போனில் "எழுதுடா தம்பி, எம் பேரப் போட்டே எழுது" என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்தில் நாங்கள் இருக்கிற சின்ன ஊருக்கு வந்த புதிதில் ஒரு விஷயம் எனக்கு விளங்கவே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போனால் கடைக்கார அம்மா என்னைப் பார்க்க மாட்டார். குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்து, உனக்கு எது வேண்டும் என்று அவனிடம் கேட்பார். பின்னால் வரிசை நிற்கும். யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். நம் பக்கம் இப்படியா? தகப்பன் ஒரு பன் வாங்கிப் பிள்ளை கையில் கொடுத்தால் முடிந்தது. விருந்துக்குப் போன வீட்டில் தட்டு நிறையப் பலகாரம் வைத்தாலும் பிள்ளை முதலில் அம்மாவின் கண்ணைப் பார்க்க வேண்டும். கேட்டு வாங்கினால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைத்தான் ஊரே மெச்சும். நானும் அப்படி மெச்சப்பட்டு வளர்ந்தவன். அதனால் அந்த அம்மா என் மகனிடம் குனிந்து கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். அவன் பதில் சொல்ல மாட்டான். நானே எதையாவது கைகாட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

என் மனைவி ஜெசிந்தா நர்ஸ். அவள் வேலைக்காகத்தான் இங்கே வந்தோம். வீட்டையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அமலனுக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான். கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே இருப்பான். ஆனால் ஒன்று மட்டும் செய்வான். ஊரிலிருந்து கொண்டுவந்த சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. பால் வேண்டுமென்றால் அதை எடுத்துவந்து என் கையில் வைத்து, என் விரலைப் பிடித்து ஃப்ரிட்ஜ்வரைக்கும் இழுத்துக்கொண்டு போவான். "ம்பா" என்பான். அவன் வாயில் இருந்த ஒரே சொல் அதுதான். நாங்கள் அதைச் சொல்லாகவே கணக்கில் எடுக்கவில்லை. மாடு கத்துகிற மாதிரி இருக்கிறதே என்று நான் சிரித்திருக்கிறேன்.

டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னார். பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் மரியாதையாகக் காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருக்கிற வீட்டுக்குள் எல்லோருடைய யோசனையும் வரும். புலம்பெயர்ந்த தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒட்டகப்பால் பவுடர் என்றார், ஒருவர் கோதுமையை நிறுத்து என்றார், இன்னொருவர் வைட்டமின் பெயர்களாக அனுப்பினார். ஜெசிந்தா அவள் படிக்கிற ஆங்கிலக் கட்டுரைகளைத் தேடிப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் சரியான ஆதாரம் இல்லைங்க" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "ஆனா சும்மா உக்காந்திருக்கவும் முடியலையேங்க" என்று அழுவாள். கடைசியில் அவள் இங்கே வேலையில் இருக்க, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் போனேன். ஆறு மாதம் லூர்து அக்கா வீட்டில்.

அக்கா பேகம்பூர் தாண்டி ஒரு சந்தில் குடியிருக்கிறாள். வீட்டிலேயே தையல். மாமா மில் வேலைக்குப் போகிறவர். போன முதல் வாரத்திலேயே தெருவே வைத்தியம் சொல்லிவிட்டது. வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவச் சொன்னார்கள், தடவினோம். அக்காவிடம் துணி தைக்க வருகிற ஒரு பாய் வீட்டு அம்மா தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுத்தார், அன்போடு கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று குடிக்க வைத்தோம். நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு வைத்தியர் சிவப்பாக ஒரு பொடி தந்தார். ஜெசிந்தா போனில், அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி வாங்கச் சொன்னாள். கேட்டேன். "நம்பிக்கை இல்லீன்னா மருந்து வேலை செய்யாதுங்க" என்று சிரித்தார் வைத்தியர். வெளியே வந்து அந்தப் பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

பாலை நிறுத்துவது அப்படிப் பயமாகத் தெரியவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பேசிய ஆலோசகர் ஒருவர் பால், கோதுமை, சீனி மூன்றையும் நிறுத்தினால் பிள்ளையின் மூளை தெளியும் என்றார். மருந்து இல்லை, ஊசி இல்லை. நிறுத்துவதுதானே. அப்போது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வேறு. நாங்கள் இறைச்சி விட்டிருந்தோம். அக்காவுக்கு உடனே பிடித்துவிட்டது. பிள்ளைக்காக ஒறுத்தல் செய்வோம், ஆண்டவர் மனமிரங்குவார் என்றாள். அன்றையிலிருந்து அவளும் டீ குடிப்பதை விட்டாள். தையல் மெஷினில் உட்காருகிறவளுக்கு டீ இல்லாமல் இருப்பது லேசான காரியமில்லை.

கூடவே கொண்டுபோயிருந்த சில்வர் டம்ளரைப் பரணில் போட்டோம். அவன் தேடினான். அடுப்படியில் ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தான். பிறகு கரண்டியைக் கொண்டுவந்து அக்கா கையில் வைத்து இழுத்தான். அடுத்து ஒரு மூடி. அடுத்து அவள் நூல்கண்டு போட்டு வைத்திருந்த சின்னக் கிண்ணம், நூலையெல்லாம் கீழே கொட்டிவிட்டு அதைக் கொண்டுவந்தான். "ம்பா, ம்பா" என்று தொண்டை கம்மும்வரை சொன்னான். தலையைச் சுவரில் முட்டிக்கொண்டான். அக்கா அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு, "பொறுத்துக்கடா என் அப்பு, அத்தையும் டீ குடிக்கல பாரு, செத்த நாளு பொறுத்துக்க" என்று கூடச் சேர்ந்து அழுவாள். அவள் கை வீங்கியது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இம்புட்டு வலிக்கிறதே, இதற்குப் பலன் இல்லாமல் போகுமா என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. எங்களைப் போன்ற ஆட்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஒறுத்தல் என்றால் ஒரு மனுசன் தானாக விடுவது. அக்கா டீயை விட்டாள். என் மகன் எதையும் விடவில்லை. அவனிடமிருந்து நாங்கள் எடுத்தோம். இந்த வித்தியாசம் அப்போது எங்கள் புத்தியில் ஏறவில்லை.

கொஞ்ச நாளில் அழுகை குறைந்தது. பிறகு அறவே நின்றது. ரசஞ்சோறும் மாமா வாங்கிவருகிற ஆயக்குடிக் கொய்யாவும் தவிர அவன் எதையும் தொடவில்லை, ஆனால் எதற்கும் அடம் இல்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். யார் கையையும் பிடித்து இழுப்பதில்லை. "ம்பா"வும் இல்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் பிள்ளை தெளிந்துவிட்டான் என்றார்கள். வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்தில் அக்கா எழுந்து சாட்சி சொன்னாள். "முந்தி ஒரே அலறலா இருக்கும். பாலையும் கோதுமையையும் நிறுத்திச் செபிச்சோம். இப்ப எம் மருமகன் எதையும் கேக்குறதில்ல, அடம் இல்ல, அம்புட்டு அமைதி. ஆண்டவருக்குத் தோத்திரம்." எல்லோரும் கை தட்டினார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொன்னாள். யாரோ அதை போனில் பதிந்துகொண்டார்கள்.

இங்கே திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் ஜெசிந்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். சட்டைக்கு மேலாகவே அவன் விலா எலும்பைத் தடவிக்கொண்டு வந்தாள். சில வாரத்தில் பேச்சுப் பயிற்சிக்கு முறை வந்தது. வெள்ளைக்காரப் பெண், சின்ன வயது. நாற்காலியை விட்டுவிட்டு அவனோடு தரையில் உட்கார்ந்தார். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று என்னைக் கேட்டார். எதெல்லாம் நிறுத்தியிருக்கிறோம் என்று கேட்கிறார் போல என்று நினைத்து, பால், பிஸ்கட், கேக் என்று வரிசையாகச் சொன்னேன். அதையெல்லாம் எப்படிக் கேட்பான் என்றார். நான் டம்ளர் கதையைச் சொல்லி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நவ் குட் பாய். நோ ஆஸ்கிங்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை போல, "நோ ஆஸ்கிங்?" என்றார். நான் பெருமையாகத் தலையாட்டி இன்னொரு முறை சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மெதுவாகத்தான் விளக்கினார், எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைக் கார் நிறுத்துமிடத்தில் ஜெசிந்தா சொன்னாள். "டம்ளரைக் கையில வச்சு இழுத்தான் பாருங்க, அதுதான் அவன் பேச்சாம். அவன் பேசிக்கிட்டுத்தான் இருந்திருக்கான். நம்ம பதில் சொல்றத நிறுத்திட்டோம், அவனும் நிறுத்திட்டான்." அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலாம். அதைச் சொல்லிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, காரைத் திறக்காமல் மழையில் நின்றாள்.

பரிசோதனை செய்து பார்த்ததில் பால் அவனுக்கு ஒன்றும் செய்யாது என்றார்கள். சில பிள்ளைகளுக்கு நிஜமாகவே ஒத்துக்கொள்ளாமல் இருக்கும், அதை டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும், மண்டபத்தில் மைக் பிடிப்பவர் சொல்லக் கூடாது. அன்று சாயங்காலமே பால் கொடுத்தோம். குடித்தான். மறுநாளும் கொடுத்தோம், குடித்தான். கொடுக்காமல் வைத்துப் பார்த்தோம், கேட்கவில்லை. திரும்பக் கொண்டுவந்திருந்த அந்த டம்ளரை அவன் கண்ணுக்கு நேராக வைத்தோம். அதைத் தாண்டிப் போனான். இப்போது அவனுக்கு ஏழு வயது. உடம்பு தேறிவிட்டது. அந்தச் சொல் திரும்பி வரவில்லை. பூசையில் உட்கார்ந்து எல்லோரும் பெரிய பெரிய வரம் கேட்கும்போது நான் கேட்பது அந்த ஒரு சத்தத்தை மட்டும்தான். நான் சிரித்தேனே, அந்தச் சத்தம்.

அக்காவிடம் விஷயத்தைச் சொன்ன அன்று அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு மாமா சொல்லித்தான் தெரியும், அவள் செபக்கூட்டத்துக்குப் போய், தான் சொன்ன சாட்சியைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கூட்டம் நடத்துகிறவர், மாற்றிச் சொன்னால் மற்றவர்களின் விசுவாசம் குலையும், மனசுக்குள் செபித்துக்கொள்ளுங்கள் என்று பக்குவமாக உட்கார வைத்துவிட்டாராம். அவள் உட்கார்ந்துவிட்டாள். அவள் குரல் உட்காரவில்லை. இத்தனை வருடம் கழித்து, இங்கே எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கே அந்தப் பதிவு வந்தது. முன்னால் யாரோ ஓர் ஆண் குரல் சேர்ந்திருக்கிறது. அந்தப் பையன் இப்போது முழுசாகக் கர்த்தர் கற்பித்த செபம் சொல்கிறானாம். என் மகன்தான் அந்தப் பையன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டேன்.

அதே வாரம், அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு எப்படியோ நம்பர் வாங்கி, ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாள். அக்கா அதை அப்படியே என்னிடம் சொன்னாள்.

"ஏனுங்க, உங்க பையனுக்கு எத்தன நாள்ல சரியாச்சுங்க? எம் பையன் பிஸ்கோத்துக்கு அழுது உசுர எடுக்கறானுங்க. நிறுத்தி ஒரு வாரமாச்சு."

"எப்புடிம்மா கேக்குறான்?"

"பேச்சு ஏதுங்க? எங் கையப் புடிச்சு அலமாரிக்கு இழுத்துக்கிட்டுப் போவானுங்க."

"இன்னமும் இழுக்குறானா?"

"இழுக்கத்தான் செய்யறானுங்க. அதானுங்க கேக்கறேன், எப்ப நிறுத்துவான்?"

"குடு தாயி," என்றிருக்கிறாள் அக்கா. "ஒத்துக்கலையான்னு ஒரு டாக்டர்ட்ட காட்டிக்க. ஆனா இன்னிக்கே குடு. அவன் இழுக்கையிலயே கூடப் போயிரு."

அந்தத் தாய் கொடுத்தாளா, தெரியாது. சாட்சி ஒன்று, போனில் பேசுவது இன்னொன்றாக இருக்கிறதே என்று குழம்பியிருப்பாள். அக்கா என்னிடம் அழவில்லை. "அந்தப் புள்ள இன்னும் இழுக்குதாம்டா தம்பி" என்று இரண்டு தடவை சொன்னாள். "எழுதுடா" என்றது அப்புறம்தான்.

போன ஞாயிறு நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் படம் போட்ட ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். படத்தைத் தொட்டால் ஓர் ஐரிஷ் பெண்ணின் குரல் ஆங்கிலத்தில் அதைச் சொல்லும். மாதக்கணக்காக அவன் அதைச் சீந்தவில்லை. பூசை முடிந்து வந்து அக்காவை வீடியோவில் கூப்பிட்டிருந்தேன். அவள் வழக்கம்போலத் திரைக்குள்ளேயே வந்துவிடுகிற மாதிரி முகத்தை வைத்து, அப்பு, அத்தையப் பாரு, அத்தையப் பாரு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அமலன் கருவியைத் தன் பக்கம் இழுத்து ஒரு படத்தைத் தொட்டான். "ஆல் டன்" என்றது அந்தக் குரல். என்னைப் பார்த்தான். இன்னொரு தடவை தொட்டான்.

"யாருடா அது இங்கிலீசுல? என்ன சொல்லுது?" என்றாள் அக்கா.

"அமலன்தான்கா. போதும்கிறான். போனை வைக்கச் சொல்றான்."

திரையை நிறைத்திருந்த அவள் முகம் பின்னால் போனது. பிறகு, "வச்சிருடா," என்றாள். "கேக்குறான்ல, ஒடனே வச்சிரு." நான் வைப்பதற்குள் அவளே வைத்துவிட்டாள். இந்தப் பக்கம் என் மகன், அவன் அத்தை ஒருநாளும் பார்க்கப்போகாத நாட்டுப் பெண்ணின் குரலில் அத்தையைப் போகச் சொன்னான். அந்தப் பக்கம் அவன் சொல் கேட்டு அவள் போய்விட்டாள். எனக்கு இந்தப் பக்கத்துப் பேச்சும் பாதிதான் விளங்குகிறது, இப்போதெல்லாம் அந்தப் பக்கத்துப் பேச்சும் பாதிதான். 

இதை யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் உள்ளது உள்ளபடி அனுப்புங்கள். முன்னால் எதையும் சேர்க்காதீர்கள். பால் கொடுத்ததும் சரியாகிவிட்டான் என்று எழுதாதீர்கள், ஆகவில்லை. பையன் பேசிவிட்டான் என்று யாரும் சாட்சி சொல்ல வேண்டாம். போதும் என்று இரண்டு தடவை ஒரு படத்தைத் தொட்டான். அவ்வளவுதான். அதையும் விட்டுவிடாதீர்கள்.