பித்தம் மேலேறுகிறதா?

டாக்டர் உமாமகேஸ்வரி யாரைப் பார்த்தாலும் முதலில் வெளிச்சம் தேடுவார். ஆளின் முழங்கையை இரண்டு விரலால் தொட்டு, ஜன்னல் பக்கம் இரண்டடி நகர்த்தி, கீழிமையை லேசாக இழுத்து விழியின் வெள்ளையைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் "சாப்பிட்டாச்சா?" என்ற கேள்வி. டியூப்லைட்டில் மஞ்சள் ஒளிந்துகொள்ளும் என்பார். நோயாளிகள் மட்டுமல்ல, லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவர், தெம்பனிஸில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காய்கறி விற்பவர், ஆய்வு உதவியாளனாக வேலையில் சேர்ந்த முதல் நாள் நான், எல்லோருமே வெளிச்சத்துக்குப் போய் வந்தவர்கள்தான். என்னைப் பார்த்துவிட்டு, "தூக்கம் பத்தல. மத்தபடி ஓகே லா," என்றார்.

அவர் ஆராய்ச்சி முழுவதும் பித்தநாளத்தைப் பற்றியது. கல்லீரலில் ஊறும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாய் அது, பென்சிலைவிடக் குறுகல். அதில் ஒரு கல் சிக்கினால் போதும், கண் மஞ்சளாகிவிடும். இருபத்திரண்டு வருடமாக ஒரே குழாயைப் பற்றிப் பத்தொன்பது கட்டுரைகள். "போரடிக்கலையா டாக்டர்?" என்று நர்ஸ் திவ்யதர்ஷினி ஒருமுறை கேட்டாள். "எம்ஆர்டி ரயில் ஓட்டுறவர்கிட்ட போய்க் கேளு," என்றார்.

ஒரு குணம் மட்டும் எங்களுக்குச் சிரமம். பேச்சில் அவரும் எல்லோரையும் போலத்தான். எழுத்து என்று வந்துவிட்டால் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். திவ்யதர்ஷினி 'டோக்கன்' என்று எழுதி ஒட்டிய தாளில் 'வரிசை எண்' என்று திருத்தியிருந்தார். பள்ளியில் உயர்தமிழ்ப் பாடத்தில் அவர் வாங்கிய ஏ ஒன் தரம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவருடைய பதினெட்டாவது கட்டுரைதான் பெயர் வாங்கியது. நாளத்திலிருந்து கல்லை எடுத்த பிறகு சிலருக்குப் பித்தநீர் இரைப்பைக்கும் தொண்டைக்கும் திரும்பி வரும். நான்கு மொழிகளில் கேள்விப் படிவம் கொடுத்துக் கேட்டதில், தமிழில் பதில் சொன்னவர்களுக்கு இந்தத் தொல்லை மற்றவர்களைவிட மூன்று மடங்கு. கணக்கைப் போட்டவன் நான். அதன்பின் எங்கள் கிளினிக்கில் தமிழ் நோயாளிகள் பலருக்கு முன்கூட்டியே ஒரு மாத்திரை தரப்பட்டது. அந்த முடிவின் மேல்தான் அடுத்த ஐந்தாண்டு ஆய்வு நின்றது. டாக்டர் அதற்குத் தலைமை ஏற்பதாக இருந்தது.

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை திவ்யதர்ஷினி விடுப்பு. படிவத்தை டாக்டரே வாசித்தார். பதிலைப் பதிந்துகொள்ள நான் பக்கத்தில் இருந்தேன். எதிரே துரைசாமி அங்கிள், செம்பவாங் கப்பல்பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பித்தம் மேலேறுகிறதா?"

"ஏறும் டாக்டரம்மா. காலையில டீ குடிக்கலன்னா நல்லா ஏறும்."

"தொண்டைக்கா அங்கிள்?"

"தொண்டைக்கு ஏன் வருது? தலைக்கு. கிறுகிறுன்னு சுத்தும்ல, அது. இஞ்சி மொரப்பா ஒரு துண்டு கடிச்சா எறங்கிடும்." பிறகு என்னைப் பார்த்து, "இதுக்குப்போய் மிஷின்ல எழுதுறாங்க பாரு," என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "வாய்க்குக் கசப்பா தண்ணி ஏதாச்சும் வருமா?"

"சேச்சே. அதெல்லாம் இல்ல."

நானும் அந்தப் படிவத்தை நூறு முறையாவது பார்த்தவன். தமிழ் வாசிக்கிறவன் என்ற நினைப்பு வேறு. பித்தம் ஏறுவதென்றால் தலைசுற்றல் என்பது என் காதிலும் விழவில்லை.

'ஆம்' என்று சொன்ன தமிழ் நோயாளிகளின் பட்டியலை அன்றே கேட்டு வாங்கினார். அறுபத்தோரு பேர். தினமும் மதிய உணவு நேரத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். வேறு யாரையும் கூப்பிட விடவில்லை.

பட்டியலில் இருந்தவர்களில், கப்பல்பட்டறையில் வேலை செய்யும் மாசிலாமணியின் பழைய எண் கிடைக்கவில்லை. கூட்டாளி ஒருவர் மூலம் ஆள் பிடித்து, ஞாயிறு லிட்டில் இந்தியாவில் சந்திப்பதாக ஏற்பாடு; நானும் உடன் போனேன். ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கத்துப் புல்வெளியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் போனதும் மாசிலாமணியை மர நிழலிலிருந்து வெயிலுக்கு இழுத்து, இமையை விரித்தார்.

"மேடம், அவன் கண்ணுல என்ன எழுதியிருக்கு?" என்றார் கூட்டாளி.

"ஒண்ணும் எழுதல. அதான் நல்லது." பிறகு மாசிலாமணியிடம், "சாப்பிட்டப்புறம் கசப்பா ஏதாச்சும் வாய்க்குத் திரும்பி வருதா தம்பி?"

"எதுக்களிக்கிறதா மேடம்? அது இல்ல."

"அப்ப ஏன் பித்தம் ஏறுதுன்னு சொன்னீங்க?"

"வெயில்ல டெக்மேல நின்னா யாருக்குத்தான் ஏறாது?" என்றார் அவர். "ஆனா நீங்க குடுத்த மாத்திரைய ஒருநாள் விடலை மேடம். எட்டு மாசம்."

டாக்டர் அவர் எதிரே புல்லில் உட்கார்ந்தார். "இனிமே வேண்டாம் தம்பி," என்றார். "நான் தப்பாக் கேட்டுட்டேன்."

அறுபத்தோரு பேரில் உண்மையாகவே கசப்பு எதுக்களித்தவர்கள் பதினேழு பேர். மறுபடி கணக்குப் போட்டேன். மூன்று மடங்கு காணாமல் போனது. தமிழர்களும் மற்றவர்களைப் போலத்தான்.

துறைத்தலைவர் டாக்டர் இப்ராஹீம் எங்களை அழைத்தார். நல்ல மனிதர், அந்த ஐந்தாண்டு ஆய்வுக்காக ஒன்றரை வருடம் அலைந்தவர்.

"உமா, இது டிரான்ஸ்லேஷன் பிராப்ளம். உங்க பிராப்ளம் இல்ல. கட்டுரைக்குக் கீழ ஒரு வரி போடுவோம், மொழிபெயர்ப்புல பிழைன்னு. வாபஸ் வாங்கினா அடுத்த ஸ்டடி போயிடும். தெரியும்ல?"

"தெரியும்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். மொழிபெயர்ப்பாளர் பாக்கியலட்சுமியின் முதல் வரைவு. 'சாப்பிட்ட பிறகு கசப்பாக எதுக்களிக்கிறதா?' என்று தட்டச்சாகியிருந்தது. அதன் மேல் சிவப்புக் கோடு. அதற்கும் மேலே டாக்டரின் உருண்டை எழுத்தில், 'பித்தம் மேலேறுகிறதா?'

"அவங்க சரியாத்தான் எழுதியிருந்தாங்க. கொச்சையா இருக்குன்னு நான் அடிச்சுட்டேன். அந்த வார்த்தையே அப்ப எனக்குத் தெரியாது. தெரியாததைக் கொச்சைன்னு நெனச்சுட்டேன்."

"இந்தத் தாளை யார் கேட்டா உமா?"

"யாரும் கேக்கல."

இப்ராஹீம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதழுக்கு அனுப்புற மெயில்ல என்னையும் சேத்துக்குங்க," என்றார் கடைசியில்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பு, அது வெளியான மருத்துவ இதழில் ஆறு வரியாக வந்தது. மொழிபெயர்ப்பாளர் தந்த சரியான சொல்லை மாற்றியது தானே என்று நான்காவது வரியில் தன் பெயரைச் சொல்லியிருந்தார். ஐந்தாண்டு ஆய்வு வேறொரு குழுவுக்குப் போனது. இருபதாவது கட்டுரை இரண்டே பக்கம்: வயிற்றுத் தொல்லையை இங்குள்ள தமிழர்கள் என்னென்ன சொற்களில் சொல்கிறார்கள் என்பது. நெஞ்சைக் கரிக்கிறது, பொருமுகிறது, எதுக்களிக்கிறது. இதுவரை நான்கு கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதில் ஒன்று எங்களுடையது. திவ்யதர்ஷினி ஒட்டும் தாளில் இப்போது 'டோக்கன்' என்றே இருக்கிறது.

போன மாதம் புதிய படிவங்களை மொழிபெயர்க்கக் கொடுக்கப் பாக்கியலட்சுமி வீட்டுக்குப் போயிருந்தேன். உங்களிடம் அந்த வரைவு பத்திரமாக இருந்ததால்தான் உண்மை வெளியே வந்தது என்று, சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"எங்கிட்ட எங்க தம்பி இருந்துச்சு? பழைய கம்ப்யூட்டரோட எல்லாம் போச்சு. என்ன எழுதினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஆஸ்பத்திரில வார்த்தை தப்பாயிடுச்சுன்னு கேள்விப்பட்டு, நாமதான் தப்பா எழுதிட்டோம் போலன்னு ஒரு வாரமா சரியாச் சாப்பிடல. அப்பதான் டாக்டரே தன்கிட்ட இருந்த அந்தத் தாளை எடுத்துட்டு வந்தாங்க. இதோ, இந்த ஜன்னல்கிட்டதான் நிக்க வெச்சாங்க. முதல்ல என் கண்ணைப் பாத்தாங்க. அப்புறம்தான் தாளைக் காட்டினாங்க."