மூடிக்குள் வைத்த பொட்டு

செஞ்சியில் சுவரில் தொங்குகிற எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: ஒயர். கரண்டு ஒயர், டிவி ஒயர், துணி காயப்போடுகிற ஒயர். இந்த ஊரில் நின்றுகொண்டு, "இது கண்ணாடி இழை, இதில் கரண்டு போகாது, வெளிச்சம்தான் போகும்" என்று ஒருத்தி சொன்னால் யார் நம்புவார்கள்? அன்புக்கரசி சொன்னாள். வாய் வலிக்கச் சொன்னாள்.

அவள் தளவானூர்க்காரி. டிப்ளமோ முடித்து, சென்னையில் ஒரு கம்பெனிக்காகப் பெரிய கட்டடங்களில் நெட்வொர்க் கேபிள் போட்டவள். கணவன் ரஞ்சித் செஞ்சியில் லோடு வண்டி ஓட்டுகிறான். மகள் நிலா இங்கேதான் படிக்கிறாள். வாரம் ஒருமுறை பஸ்ஸில் வந்து மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடுகிற பிழைப்பு அவளுக்குப் புளித்துப்போய்விட்டது. லீவு போட்டுவிட்டு வந்து, சொந்தமாகத் தொழில் பார்க்கலாம் என்று இறங்கினாள். தீபாவளிக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேனேஜர் நெடுமாறன் சொல்லியிருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கம்பெனி கம்பெனிதானே. ஆக, முதல் வேலை ஜெயித்தால் செஞ்சி, சறுக்கினால் மறுபடியும் பஸ்.

அந்த முதல் வேலை அரங்கநாதனுடையது. திண்டிவனம் ரோட்டில் அவருக்கு மாடி மேல் மாடி கட்டிய ஸ்கேன் சென்டர். கீழே ஸ்கேன் மெஷின், உச்சி மாடியில் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் கவிதா. நடுவே ஓடிய செப்புக் கேபிள் வழியாக ஒவ்வொரு இடி மழையும் ஏதாவது ஒரு நெட்வொர்க் பெட்டியைக் காவு வாங்கிவிடும். அன்றைக்கெல்லாம் படத்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு யாராவது மாடி ஏற வேண்டும். நோயாளிகள் பெஞ்சிலேயே கிடப்பார்கள்.

அரங்கநாதனும் தளவானூர்தான். அவர் நிலத்தில்தான் அன்புக்கரசியின் அப்பா ஆதிமூலம் ஆயுசு முழுக்க மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கினார். அவள் பெயர் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வாயில் வருவது "ஆதிமூலம் பொண்ணு"தான். அவர் அதைப் பாசம் என்று நினைத்திருந்தார். அவளுக்கு ஒவ்வொரு தரமும் சுருக்கென்று தைத்தது.

"இன்னா ஆதிமூலம் பொண்ணு, கண்ணாடின்றியே, ஒடஞ்சி போவாதா?"

அவள் ஒரு துண்டு கேபிளைக் கையில் தளர்வாகச் சுற்றிக் காட்டினாள். "இது வளையல் கண்ணாடி இல்ல சார். முடிச்சு போட்டு இறுக்குனாதான் போவும்."

"செம்புதான் கெட்டி. எங்க தாத்தா காலத்து செப்புக் கொடம் இன்னும் ஊட்ல இருக்குது, தெரியுமா?"

"கொடம் தண்ணி புடிக்கும் சார். செப்புக் கேபிளு இடியையும் சேத்துப் புடிக்குது. ஒரே மாடிக்குள்ள நானே செம்புதான் போடறேன், அதுக்கு அது போதும். மேல ஏறுற வழியிலதான் லிப்ட் மோட்டார் ஒயரும் கரண்டு ஒயரும் ஒட்டிக்கினே வருது. கீழ ஒரு எர்த்து, மேல ஒரு எர்த்து. இடி வுழுந்தா ரெண்டுக்கும் நடுவுல செம்புலதான் ஓடுது. கண்ணாடில கரண்டே ஏறாது."

அவர் காதைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "சரி, போடு. வேல செய்யலன்னா நீயே புடுங்கிக்கினு போயிடணும், ஆமா."

போட்டாள். ரஞ்சித் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மேலேயிருந்து இழுக்க, அவள் கீழேயிருந்து விட்டாள். முனைகளைச் செய்து, தூசி படாமல் சின்ன ரப்பர் மூடி மாட்டித் தொங்கவிட்டாள். கண்ணாடிக் கேபிளுக்கான பெட்டிகள் சென்னையிலிருந்து வருவதற்குள் ஆயுதபூஜை வந்துவிட்டது. விஜயதசமி நல்ல நாளாச்சே, அன்றைக்கே தொடங்கிவிடலாம் என்றார் அரங்கநாதன். எல்லோரும் கூடி நிற்க, நல்ல நேரம் முடிவதற்குள் அவசர அவசரமாக மூடிகளைக் கழற்றிச் சொருகினாள்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. மறுபடி சொருகினாள். எரியவில்லை.

"வெளிச்சம்தான் போவும்ன. ஒரு வெளிச்சத்தையும் காணோமே ஆதிமூலம் பொண்ணு?" என்றார் அரங்கநாதன். யாரோ சிரித்தார்கள். லிப்ட் பக்கம் எங்கேயோ கேபிள் மடங்கியிருந்தால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். கண் முன்னால் சென்னை பஸ் வந்து நின்றது.

பெட்டிகளிலிருந்து முனைகளை உருவிவிட்டு, கேபிளைச் சோதிக்கும் சிவப்பு டார்ச்சைக் கீழ் முனையில் மாட்டினாள். மேலே ரஞ்சித் நின்றான். முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது, உள்ளங்கையில்தான் காட்ட வேண்டும் என்று அவனுக்குப் பாடம் சொல்லியிருந்தாள்.

"கையில செவப்பு வுழுதா?" என்று போனில் கேட்டாள்.

"ஒண்ணும் வுழல. ஆனா அன்பு, முனையே செவப்பா இருக்குது."

"இன்னா சொல்ற?"

"சாமி வாசன வேற வருது."

டார்ச்சை அணைத்துவிட்டுத் தன் பக்கத்து முனையைத் திருப்பிப் பார்த்தாள். சந்தனம். அதன் நடுவில் அழகாகக் குங்குமம்.

சென்டரைக் கூட்டிப் பெருக்கும் வசந்தா கூட்டத்துக்குப் பின்னால் முகம் வெளுத்து நின்றாள். "நான்தாம்மா வெச்சேன். ஸ்கேன் மிசினுக்கு வெச்சேன், லிப்டுக்கு வெச்சேன். புதுசா வந்தத மட்டும் வுட்டா அது பாவமில்ல?"

"மூடி போட்டிருந்தனே அக்கா?"

"மூடி மேல வெச்சா அது மூடிக்குத்தான பொட்டு? கழட்டி உள்ள வெச்சி, பத்திரமா திரும்பவும் மூடிட்டேன்."

வெளிச்சம் போவது தலைமுடியை விட மெல்லிய வழி. ஒரு தூசி விழுந்தாலே முறுக்கிக்கொள்ளும். அதன் வாசலில் வசந்தா ஒரு திருவிழாவையே நடத்திவிட்டாள். அன்புக்கரசிக்கு வந்த கோபம் பாதி வழியிலேயே சிரிப்பாக மாறியது. மேலும், சொருகும் முன் முனையைப் பார்க்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. நல்ல நேரம் போகிறதே என்ற அவசரத்தில் பார்க்காமல் சொருகியவள் அவள்தான்.

அரங்கநாதன் வசந்தாவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அன்புக்கரசி முந்திக்கொண்டாள். "அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க சார். பாக்காம சொருகினது என் தப்பு."

முனைகளையும் பெட்டிகளின் துளைகளையும் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்து மீண்டும் சொருகினாள். பச்சை விளக்கு கண் திறந்தது. ரஞ்சித் மேலேயிருந்து விசிலடித்தான். அவள் வசந்தாவின் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பெட்டி அலமாரியின் கதவைக் காட்டினாள். "இங்க வை அக்கா. எத்தினி வேணும்னாலும் வை."

அரங்கநாதன் மட்டும் உம்மென்றுதான் இருந்தார். "மழ வரட்டும், பாப்போம்."

ஐப்பசி மழை அவரைக் காக்க வைக்கவில்லை. ஒரு மத்தியானம் ராஜகிரி மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து, கட்டடமே அதிரும்படி இடி இறங்கியது. கடைத்தெருவில் இருந்த அன்புக்கரசி குடையும் எடுக்காமல் ஓடினாள். போய்ச் சேரும்போது ஊர் முழுக்கக் கரண்டு போயிருந்தது. பேட்டரியில் ஓடிய பெட்டியில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதன் எதிரில் முதுகு காட்டி நின்று, அரங்கநாதன் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

"புது ஸ்கூலுக்கு மெட்ராஸ்லேர்ந்து எதுக்கு மச்சான் ஆளு? நம்மூர்லயே இருக்காங்க. அன்புக்கரசின்னு பேரு. மாடிக்கு மாடி கண்ணாடிதான் போடணும்னு அவங்கதான் சொன்னாங்க. நான்தான் செம்பு செம்புன்னு நின்னேன். இப்ப இடி வுழுந்துச்சு, டாக்டரம்மா மேல படம் பாத்துனு இருக்காங்க."

திரும்பியவர் அவளைப் பார்த்துவிட்டார். போனை வைத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நனஞ்சிட்டீங்களே. உக்காருங்க."

'ங்க.' இரண்டே எழுத்து. அந்த இரண்டெழுத்து ஒருநாளும் காதில் விழாமலேயே ஆதிமூலம் இவர் நிலத்தில் முதுகு வளைந்து போனார். மழையில் நனைந்த அன்புக்கரசியின் முகத்தில் கண்ணீர் தெரியாது என்பது நல்லதாகப் போயிற்று.

அவள் உட்கார்ந்தாள். போனை எடுத்து நெடுமாறனைக் கூப்பிட்டாள்.

"சார், நான் வரல. இங்க எனக்கு வேல இருக்குது."