மைக் செட்டும் தொண்ணூற்றைந்து ஆக்டேனும்

பெட்ரோல் பங்கில் என்னை ஏமாற்ற முடியாது. கள்ளக்குறிச்சியில் எந்த பங்கில் நின்றாலும், குழாயைக் கையில் எடுப்பவர் "பிரீமியம் போடட்டுமாணா?" என்று கேட்டு முடிப்பதற்குள் "சாதா, சாதா!" என்று கூவிவிடுவேன். விலை ஜாஸ்தி, வேலை ஒன்றுதான் என்பது எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யாரும் யாரையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டதில்லை. அவ்வளவு உறுதியான சங்கதி.

என் தொழில் மைக் செட். ஒலி என் பொறுப்பு, சீரியல் விளக்கு என் மனைவியின் பொறுப்பு. கல்வராயன் மலையில் ஓர் அம்மன் கோயிலின் ஆடித் திருவிழாவுக்குப் பல வருடங்களாக எங்கள் செட்தான். அந்தக் கோயிலுக்குச் சாலை கிடையாது. வேன் நிற்கும் இடத்திலிருந்து செங்குத்தான மண்பாதை. ஜெனரேட்டரையும் ஸ்பீக்கர் பெட்டிகளையும் ஊர்க்காரர்கள் தோளில் தூக்கிப் போவார்கள். போன திருவிழாவில் தூக்கியவர்கள், "இனிமே முடியாதுப்பா. தியாகதுருகத்துல ஒருத்தர் சின்ன செட்டா வச்சிருக்காராமே" என்று இழுத்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நேராகக் கோயில் தர்மகர்த்தாவிடம் போய், "அடுத்த வருசம் ஒரு பொட்டிய யாரும் தொட வேணாங்க. வெளக்கு வைக்கறதுக்குள்ள மைக்கு பேசும். பேசலன்னா வேற செட்டு வச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வாயைக் காப்பாற்றத்தான் ஏ.டி.வி. வாங்கினேன். நான்கு குண்டுச் சக்கரம், பைக் மாதிரி கைப்பிடி. புதுச்சேரிப் பக்கம் ஒரு கடற்கரை விடுதியில் மணலில் பந்தயம் ஓடிக்கொண்டிருந்த வண்டி. பின்னால் மாட்ட ஓர் இழுவைப் பெட்டியைப் பட்டறையில் செய்துகொண்டோம். விற்றவர் கைகுலுக்கும்போது பெட்ரோலைப் பற்றி ஏதோ சொன்னார். பெட்ரோலைப் பற்றி எனக்கே சொல்கிறாரே என்று சிரித்துக்கொண்டேன்.

திருவிழா அன்று காலையிலேயே மண்பாதையின் அடிவாரத்துக்கு வந்துவிட்டோம். பெட்டிகள் வேனில், மனைவி அவளுடைய ஸ்கூட்டரில். ஜெனரேட்டரை இழுவைப் பெட்டியில் ஏற்றிக் கட்டி, ஊரே பார்க்க வண்டியை முறுக்கினேன். பாதி மேடு ராஜநடை. அதற்கப்புறம் எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு சத்தம். டிங் டிங் டிங் என்று, தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போல. முறுக்க முறுக்க அந்தச் சத்தமும் முறுக்கிக்கொண்டது, வண்டிதான் தளர்ந்தது.

எனக்குக் காதுதான் சோறு போடுகிறது. ஆயிரம் பேர் கூட்டத்தில் எந்த ஒயர் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தக் காது இப்போது பிஸ்டன் சுக்குநூறாகப் போகிறது என்று சொன்னது. குதித்து இறங்கி, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அவசரத்தில் முதல் கல்லை என் கால்மேல்தான் வைத்தேன். அம்மனிடம் ஒரு தேங்காய் என்று ஆரம்பித்தவன், மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ஆட்டுக்கடா வரைக்கும் போய்விட்டேன். அதற்குமேல் மாடு கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் வேண்டுதலை நிறுத்தினேன்.

மனைவி நடந்து மேலே வந்தாள்.

"இன்னாத்துக்கு வண்டி முன்னாடி கும்புட்டுக்கினு நிக்கற?"

"எஞ்சின் போச்சு. நம்ம பொழப்பும் போச்சு. தியாகதுருகத்தான் சிரிக்கறது இங்க கேக்குது."

"அவுரு இன்னும் பல்லே வெளக்கியிருக்க மாட்டாரு. வித்தவருக்குப் போன் போடு."

ஒரு பாறைமேல் ஏறினால்தான் சிக்னல். ஏறி நின்று, நான் கொஞ்சம் அழுகுரலில் விஷயத்தைச் சொன்னேன்.

"தொண்ணூத்தஞ்சு தானணா போட்டீங்க?" என்றார் விற்றவர்.

"இன்னா தொண்ணூத்தஞ்சு?"

"ஆக்டேன்ணா! அன்னிக்கே சொன்னனே. பங்க்ல பிரீமியம்னு கேட்டு, தொண்ணூத்தஞ்சான்னு பாத்துப் போடச் சொன்னேன். சாதா தொண்ணூத்தொண்ணு தான். இந்த எஞ்சினுக்குக் கம்ப்ரஷன் ஜாஸ்தி. மேல ஓட்டாதீங்க, நெசமாவே பிஸ்டன் போயிடும்."

அவர் விளக்கியதை என் தொழிலில் வைத்துப் புரிந்துகொண்டேன். பந்தய எஞ்சின் பெட்ரோல் ஆவியையும் காற்றையும் மற்ற எஞ்சின்களைவிட இறுக்கமாக அமுக்கும். தீப்பொறி கொளுத்தும்வரை அந்த அமுக்கத்தையும் சூட்டையும் தாங்கி, கொளுத்திய பிறகு சீராக எரிய வேண்டும். ஆக்டேன் எண் சொல்வது அந்தப் பொறுமையைத்தான். பொறுமை கம்மியான பெட்ரோல் ஒரு மூலையில் தானாகவே வெடித்துவிடும். மேடையில் பாட்டுக்காரர் வாய் திறப்பதற்கு முன்பே கைதட்டிவிடுகிற ஆளைப் போல. அந்தக் கைதட்டல்தான் டிங் டிங். சுமையோடு மேடு ஏறும்போது சத்தம் இன்னும் ஜாஸ்தி.

"அப்ப எஞ்சின் சாவல. நீ தான் அதுக்குக் கண்டதயும் ஊத்திக் குடுத்துட்ட," என்றாள் மனைவி.

தொண்ணூற்றைந்து வாங்க மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்குத்தான் போக வேண்டும். கேனில் பங்கில் தர மாட்டார்கள். எஞ்சினைக் கிளப்பாமல், பிரேக்கைப் பிடித்துப் பிடித்து வண்டியை அடிவாரத்துக்கு இறக்கினோம். நான் தலையில் கை வைத்து உட்கார, அவள் ஸ்கூட்டரைப் பார்த்தாள்.

"இதுல முள்ளு செவப்புல நிக்குது. பங்குக்குப் போய்ச் சேரும்போது டேங்க் காலியாத்தான் இருக்கும். ரொப்பிக்கினு வந்து இதுலேர்ந்து அதுல எறக்கிக்கலாம். அதுக்குள்ள நீ அந்த சாதாவ வெளிய எடுத்து வை."

சீரியல் விளக்கு மூட்டையை மரத்தடியில் இறக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். அந்தக் கொண்டையூசி வளைவுகளில் பஸ் டிரைவர்களே ஹாரனைவிட்டுக் கையெடுக்க மாட்டார்கள்.

நான் ஒரு ரப்பர் குழாயை டேங்கில் விட்டு உறிஞ்சினேன். வாய் நிறைய சாதா. துப்பிவிட்டுக் குழாயின் மறுமுனையைக் கேனில் விட்டேன். வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் பீடியோடு நெருங்க, "அங்கயே நில்லுங்க சாமி, இப்ப நான் மனுசன் இல்ல, பெட்ரோல் பங்கு!" என்று கத்தினேன். அதன்பின் ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். அவள் வரவில்லை. மழை மேகம் வந்தது. இன்னொரு தேங்காய் வேண்டிக்கொண்டேன், இந்த முறை அவளுக்காக.

வெயில் சாயத் தொடங்கியபோது வந்தாள். புடவை முந்தானை இடுப்பில், ஹெல்மெட்டுக்குள் முகம் முழுக்கத் தூசி. மறுபடி குழாய், மறுபடி வாய். இரண்டுக்கும் ருசியில் ஒரு வித்தியாசமும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஸ்கூட்டரிலிருந்து தொண்ணூற்றைந்து வண்டிக்குப் போனது. கேனிலிருந்த சாதா ஸ்கூட்டருக்குப் போனது.

"இனிமே இதுக்கும் தொண்ணூத்தஞ்சே போடலாமா?" என்றாள்.

"வேணாம். ஸ்கூட்டருக்குக் கம்ப்ரஷன் கம்மி. ஒசந்தது ஊத்துனா ஓட்டம் ஏறாது. எந்த எஞ்சினுக்கு எதுவோ அது," என்றேன், பிறந்ததிலிருந்தே தெரிந்தவனைப் போல. அவள் சிரித்ததை ஹெல்மெட் மறைக்கவில்லை.

வண்டியைக் கிளப்பினேன். முதல் கியர், ஜெனரேட்டர் முழுசாகப் பின்னால். முறுக்கினேன். காதைத் தீட்டிக்கொண்டு மேடு முழுக்கக் கேட்டேன். ஆணிச் சத்தம் இல்லை. கனமான, ஒரே சீரான உறுமல். நல்ல ஸ்பீக்கரில் தவில் கேட்பது போல. மேட்டின் உச்சியில் தேவையே இல்லாமல் ஒரு ஹாரன் அடித்தேன்.

பெட்டிகளுக்காக மறுபடியும் மறுபடியும் ஏறி இறங்கினோம். ஊர்க்காரர் யாரும் ஒரு ஒயரைக்கூடத் தூக்கவில்லை. கோயிலில் விளக்கேற்ற எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஜெனரேட்டர் கிளம்பியது. பெட்ரோல் வாடையில் எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்ததால் மைக்கை மனைவி வாங்கினாள். "ஹலோ, மைக் டெஸ்ட்" என்று அவள் சொன்னது எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது.

எங்கள் பக்கம் அடுத்த வருடத்துக்கு ஆளைப் பிடித்துவைப்பது வெற்றிலை பாக்கு கொடுத்துத்தான். தர்மகர்த்தா தட்டோடு வந்தார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அவளிடம் தட்டை நீட்டி, "வர்ற வருசமும் நீங்களே வந்துடுங்கம்மா. இவரயும் கூட்டிக்கினு வாங்க," என்றார்.

நீட்டிய கையை மடக்கத் தோன்றவில்லை. அதை வைத்தே கைதட்டினேன்.