ஆறு முருகேசன்களும் ஓர் அறுவடை மெஷினும்

டேட்டாபேஸில் ஆள் தேடுவது என்பது, எதிரில் உட்கார்ந்திருப்பவரிடமே, நீங்கள் இல்லை என்று திரையில் வரும் சிவப்பு எழுத்தைப் படித்துக்காட்ட வேண்டிய தொழில்.

திருவாரூர் பக்கம் ஒரு விவசாயிகள் குழுவின் அலுவலகத்தில் எனக்கு வேலை. குழுவுக்கு மூன்று அறுவடை மெஷின்கள். யார் வயலுக்கு எது, எப்போது போகும் என்று பதிந்துவைப்பது என் பொறுப்பு. நோட்டில் எழுதி, அடித்து, திருத்தி அலுத்துப்போய், போன வருஷம் வீடியோ பார்த்துப் பைத்தானும் அதில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோவும் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். நான் படித்ததோ பி.காம். மேனேஜர் கமால் பாய் நாகூர்க்காரர், எதற்கும் பதறாதவர். "செஞ்சு பாரும்மா, நோட்டும் பக்கத்துல இருக்கட்டும்" என்றார். இதே வழியில் முட்டிக்கொண்டவர்கள் கீழே உள்ளதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

ஒருவரைக் கேட்டால் ஆறு பேர்

முதல் வாரமே ஒரு போன். "முருகேசன் பேசுறேன். நம்ம வயலுக்கு என்னைக்கும்மா வண்டி?"

ஜாங்கோவில் 'கெட்' என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு ஆளை எடுத்துக் கொடு என்று அர்த்தம். முருகேசன் என்று பெருமையாகத் தட்டினேன். திரை முழுக்க எரர். ஒருவரைக் கேட்டாய், ஆறு பேர் இருக்கிறார்கள், நான் யாரைக் கொடுப்பது என்று அது கையை விரித்துவிட்டது. அப்பா பெயர் என்ன, எந்த ஊர் என்று நான் ஒவ்வொன்றாக விசாரித்ததில் அவருக்குச் சலிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து போன் நம்பரை வைத்துத்தான் தேடுகிறேன். ஆனால் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எந்த முருகேசன்னு உங்க மெஷினுக்கே தெரியலன்னா, அறுக்குற மெஷினுக்கு எப்படிம்மா தெரியும்?"

கொத்தங்குடியைக் காணோம்

புஷ்பவல்லி அக்காவுக்குக் கொத்தங்குடியில் ஒன்றரை ஏக்கர். நேரில் வந்து எதிரில் உட்கார்ந்திருந்தார். மொத்தப் பட்டியலைத் திறந்தால் அவர் பெயரும் ஊரும் பளிச்சென்று தெரிகின்றன. கொத்தங்குடி என்று தட்டித் தேடினால் ஒருவரும் இல்லை என்கிறது. "அந்தா இருக்கே பாப்பா!" என்று திரையைத் தொட்டே காட்டினார்.

இரண்டு நாள் மண்டை காய்ந்தது. கடைசியில் எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. 'கொ'வில் உள்ள குறியை ஒரு கீபோர்டு ஒன்றாகப் போடுகிறது. இன்னொன்று கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடுகிறது. நம் கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு ஊர்கள். எப்படித் தட்டினாலும் ஒரே வடிவத்தில் சேமிக்கவும் தேடவும் ஒரு வரி சேர்த்து, பழைய பதிவுகளையும் அப்படியே மாற்றினேன். கொத்தங்குடியில் பதிந்த அத்தனை பேரும் வந்து நின்றார்கள். சந்தோஷம் தாங்காமல் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "எங்க ஊரு கம்ப்யூட்டருக்கும் தெரிஞ்சுபோச்சா? பஸ்ஸுக்காரனுக்குத்தான் இன்னும் தெரியல."

அறுத்த வயலில் செல்வம் அண்ணன்

டிரைவர் செல்வம் அண்ணன் காலை ஆறு மணிக்குப் போனில் அன்றைய பட்டியலைப் பார்த்துவிட்டு வண்டி எடுப்பார். ஒருநாள் ஐந்து மணிக்கே பார்த்துக் கிளம்பியவரிடமிருந்து அழைப்பு. வயலில் வெறும் தாள்தான் நிற்கிறதாம், முந்தின நாள் அவரே அறுத்ததாம். விஷயம் இதுதான்: நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்ற நான் மறந்திருந்தேன். நம் ஊரில் காலை ஐந்தரை ஆகும்வரை கம்ப்யூட்டருக்கு முந்தின நாளே முடியவில்லை. அதனால் பழைய பட்டியலையே காட்டியிருக்கிறது. லண்டன் கணக்கில் ஓடிவிட்டது அண்ணே, இப்போது சரிசெய்துவிட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "லண்டன்ல நெல்லு வெளைஞ்சா சொல்லு தங்கச்சி, அந்த நேரத்துக்கே எந்திரிக்கிறேன்."

தேதி சொல்லாதவர்கள்

இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தை மாதம். சம்பா தலை சாய்ந்து நிற்கிறது, மூன்று நாளில் மழை என்று அறிவிப்பு. இன்றோ இனிமேலோ தேதி உள்ளவர்களைக் கொடு என்று தேடினேன். பட்டியல் காலி. எல்லாம் முடிந்தது என்று கமால் பாயிடம் சொல்லிவிட்டேன். ஈர வயலில் இறங்கக்கூடிய பெல்ட் மெஷினைத் தரங்கம்பாடி பக்கம் அனுப்ப லாரியில் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

அப்போது தங்கராசு என்ற விவசாயி கூப்பிட்டார். "பதிஞ்சு பத்து நாளாச்சும்மா, ஒரு தகவலும் இல்லயே." பதிந்தபோது, தேதியை அப்புறம் சொல்கிறேன் என்றிருந்தார், அந்தக் கட்டம் காலியாக இருந்தது. தேதியே இல்லாதவர் இன்றைக்கு முன்னும் வரமாட்டார், பின்னும் வரமாட்டார். என் தேடலில் அவர் எங்குமே இல்லை. காலியாக உள்ளவர்களை மட்டும் கேட்டேன். பதினோரு பேர்!

ஓடிப்போய்ச் சொன்னேன். கமால் பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எறக்குங்கப்பா வண்டிய" என்று மட்டும் சொன்னார். பதினோரு பேருக்கும் நானே போன் செய்து, தப்பு என்னுடையது என்றேன். மூன்றாம் நாள் மதியம் மழை இறங்குவதற்குள் ஒன்பது வயல்கள் முடிந்தன. மீதி இரண்டில் பயிர் படுத்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகுதான் அறுக்க முடிந்தது, மகசூலும் குறைந்தது. அந்த இரண்டு பேரும் திட்டியதை வாங்கிக்கொண்டேன்.

தங்கராசு வயலில் வேலை முடிந்த அன்று நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். நெல்லைத் தார்ப்பாயில் பரப்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து சிரித்தார். "அட விடும்மா. அடுத்த வருஷத்துக்கும் என் பேர மொதல்ல போட்டுக்க, தேதிய அப்புறமா சொல்றேன்."

ஆக, கம்ப்யூட்டர் ஒருநாளும் பொய் சொல்வதில்லை, நாம் கேட்டதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு, கேட்க மறந்ததற்கு நம்மையே ஊர் ஊராகப் போய்ப் பதில் சொல்ல வைக்கிறது.