ஒன்றாம் வகுப்புச் சத்தம்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். ராஜபாளையத்தில் மில்காரர்கள் குடியிருக்கும் தெருக்களுக்கு நடுவே இருக்கிற அந்தத் தொடக்கப்பள்ளியில் மணிக்கும் முன்னால் வந்தது ஹஃபீஸா டீச்சரின் குரல். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, தெருமுனைப் பூக்காரியிடம் நின்று ரெண்டு வார்த்தை பேசினால் போதும். காலை உப்புமாவைத் தின்றுகொண்டிருக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவசரமாகத் தட்டைக் கழுவிவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்துவிடும்.

அந்தத் தொண்டை அவருடைய அத்தா பக்கீர் முகமது கொடுத்த சொத்து. அவர் சந்தை சந்தையாகப் போய்த் துணி கூவி விற்றவர். பெண் பிள்ளைக்கு எதற்கு இம்புட்டுத் தொண்டை என்று உறவுக்காரர்கள் முகம் சுளித்தபோது, டீச்சருக்குப் படிக்க வைக்கிறேன், தொண்டைக்கே சம்பளம் கிடைக்கும் என்று சொல்லி அவர்கள் வாயை அடைத்தார். சொன்னபடி படிக்கவும் வைத்தார்.

ஒன்றாம் வகுப்பு என்றால் மற்ற டீச்சர்கள் எல்லாம் ஓடி ஒளிவார்கள். ஒன்று அழும், ஒன்று பாயை நனைக்கும், ஒன்று கேட்டைத் தாண்டி வீட்டுக்கு ஓடும். ஹஃபீஸா டீச்சரோ வருஷா வருஷம் தலைமையாசிரியர் தேவஇரக்கத்திடம் போய் அதையேதான் கேட்டு வாங்கிக்கொள்வார். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடித்தான் கறக்கணும் என்பது அவர் கட்சி. அவர் முழங்குவார், பிள்ளைகள் திருப்பி முழங்கும். அம்மா, ஆடு, இலை, ஈ. அந்த வயதுப் பிள்ளைகள் டீச்சர் வாயிலிருந்து எது விழுந்தாலும் அள்ளிக்கொள்ளும். ஒருதடவை பாடத்துக்கு நடுவே, "ஏலே ஜோ, கீழ உக்காரு" என்று அதட்டினார். வகுப்பே சேர்ந்து, "ஏலே ஜோ, கீழ உக்காரு" என்று கத்தியது. ஜோவும் நின்றபடியே கத்தினான். டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

இப்படி இருபது வருஷத்துக்கு மேல் முழங்கிய தொண்டையைப் படைத்தவனே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்க ஆரம்பித்தான். முதலில் கரகரப்பு வந்தது. சுக்கு, பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாயிற்று. பிறகு சாயங்காலமானால் குரலே எழும்பாமல் போனது. மதுரையில் காட்டியதில் குரல் நாணில் கட்டி என்றார்கள். மே மாத லீவில் ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, குரலும் அதோடு முக்கால்வாசி போனது. மிச்சமிருப்பதாவது நிலைக்க வேண்டுமென்றால் இனி வகுப்பில் நின்று கத்தவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

டீச்சர் இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை, கேட்டவர்களிடம் தொண்டைக்கட்டு என்று சமாளித்தார். சொன்னால் ஒன்றாம் வகுப்பை எடுத்துவிடுவார்கள். கணவர் சாதிக் பாட்சா பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புக்கடை வைத்திருப்பவர், அதிர்ந்து பேசாத மனுஷர். அவரே ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வேறு வகுப்பு கேள் என்று கெஞ்சினார். இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர் ஒன்றும் வாங்கிவந்து கொடுத்தார். அது குரலைக் கூட்டவில்லை, மூச்சைத்தான் கூட்டியது. பள்ளி திறந்த அன்றைக்கே வகுப்பறையில் பாம்பு சீறுவதுபோலச் சத்தம் வர, ரெண்டு பிள்ளைகள் பயந்து அழுததில் அது பெட்டிக்குள் போய்விட்டது. இந்த வருஷப் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசித்துவிடட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று டீச்சர் பிடிவாதமாக இருந்தார்.

அந்த ஜூனில் வந்தவை எல்லாம் புதுப் பிள்ளைகள். டீச்சர் கிட்ட உட்காரவைத்து, காற்றுக் குரலில் "அம்மா" என்றார். பிள்ளைகளும் காற்றுக் குரலில் "அம்மா" என்றன. இவர்கள் அவருடைய பழைய குரலைக் கேட்டதே இல்லை. பாடம் என்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டன. டீச்சர் நடுவில் செருமினால் அவையும் செருமின. விளையாட்டு நேரத்தில் ஊரைக் கூட்டுகிற பிள்ளைகள், புத்தகத்தைத் திறந்தால் கிசுகிசுவென்று ஆகிவிடும். பள்ளியைப் பார்வையிட வந்த ஒருவர், ஒன்றாம் வகுப்பில் இவ்வளவு அமைதியை நான் பார்த்ததேயில்லை என்று பாராட்டிவிட்டு வேறு போனார். டீச்சரும் அதை நம்பினார். நம்பத்தான் அவருக்கு ஆசையாக இருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் வெள்ளைத்தாய் வந்தாள். நூல் மில்லில் வேலை. மகள் பவிஷா ஒன்றாம் வகுப்பு. ஷிப்டு முடிந்து தலையில் ஒட்டிய பஞ்சோடு நேராக வந்திருந்தாள்.

"டீச்சர், சண்டைக்கு வரல. பவிஷா வீட்டுல புஸ்தகத்த எடுத்தா வாய் மட்டும் அசையுது. எனக்கு ஒண்ணும் கேக்கல. மூத்தவ ஒங்ககிட்டத்தான் படிச்சா. அவ வாசிச்சா தெருவே கேக்கும். எங்காது மில்லுக் காது டீச்சர். கத்திச் சொன்னாத்தான் விழும். இவ எதுக்கு எனக்குத் தெரியாம படிக்கா?"

டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். தனக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, பிள்ளைமேல் தப்பில்லை என்று மெல்லச் சொன்னார். நடுவில் குரல் அறவே நின்றுவிட்டது. உதடு மட்டும் மிச்சத்தைச் சொல்லி முடித்தது. வெள்ளைத்தாய் ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டாள். மில்லுக்குள் மிஷின் இரைச்சலில் யார் காதிலும் எதுவும் விழாது. பெண்கள் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்தே வீட்டுக் கதை, ஊர்க் கதை எல்லாம் பேசிக்கொள்வார்கள்.

"பேசாதீய டீச்சர். வாயசைச்சாப் போதும், எனக்கு வெளங்கும்" என்றாள். "எம்புட்டு நாளா இப்படி?"

அதைக் கேட்ட பிறகுதான் டீச்சர் அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அழாதவர். தன் நோயையே பாடமாக நடத்தியிருக்கிறோம், அதைப் பிள்ளைகள் ஒப்பித்துக்கொண்டிருக்கின்றன என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு தாய் தன் மகள் வாசிப்பதைக் கேட்க முடியாமல் செய்துவிட்டோமே என்று நெஞ்சு வெந்தது. மறுநாளே தேவஇரக்கத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் ஒன்றாம் வகுப்பை மூன்றாம் வகுப்பு ஜெனிலா டீச்சருக்குக் கொடுத்தார். ஹஃபீஸா டீச்சருக்கு ஆபீஸ் அறையில், வருகைப் பதிவைச் செல்போனில் ஏற்றுவதும் சாப்பாட்டுக் கணக்கும் வந்தன. மூன்றாம் வகுப்புக்கு எழுதிப்போட்டுக் கணக்கு மட்டும் நடத்தினார். ஆபீசுக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

ஜெனிலா வாய்விட்டு நடத்துகிற பெண். அவள் "அம்மா" என்று முழங்கினாள். பிள்ளைகள் கிசுகிசுத்தன. எத்தனை தரம் சொல்லிக்கொடுத்தாலும் அதே கதைதான். இதுகள் தொண்டையில் தவளையா கட்டியிருக்கு என்று அவள் ஆபீசுக்கு வந்து அலுத்துக்கொள்வாள். ஹஃபீஸா டீச்சர் தலையை ஆட்டி வருத்தப்படுவார். ஆனால் உள்ளுக்குள், யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சந்தோஷம் இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். ராத்திரித் தொழுகையில் அதற்காக மன்னிப்புக் கேட்பார். காலையில் வந்து திரும்பவும் சுவரோரம் காதை வைப்பார். தன் தொண்டையில் இல்லாவிட்டாலும் தன் குரல் அந்த வகுப்பில் இருக்கிறதே என்றிருக்கும்.

காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்தது. லீவில் தெருவெல்லாம் கத்தித் திரிந்த பிள்ளைகளுக்குப் பழசு மறந்துபோயிற்றோ என்னவோ, ஜெனிலா "ஆடு" என்றதும் ஒன்றாம் வகுப்பு மொத்தமும் "ஆடு" என்று முழங்கியது. சுவர் அதிர்ந்தது. ஜெனிலா மகிழ்ந்துபோய் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். இன்னும் பலமாக வந்தது.

இதற்காகத்தானே ஹஃபீஸா டீச்சர் வகுப்பை விட்டுக்கொடுத்தார். சந்தோஷப்படத்தான் வேண்டும். அவரால் முடியவில்லை. கடைசியாக ஒரு இடத்தில் மிச்சமிருந்த தன் குரலும் போய்விட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

கேட்டுக்கு வெளியே வெள்ளைத்தாய் நின்றிருந்தாள். வேலைக்குப் போகிற வழியில் சத்தம் கேட்டு நின்றிருப்பாள் போல. ஒரு கையைக் காதோரம் குவித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். நடுவே பள்ளியின் சின்ன மைதானம் இருந்தது.

டீச்சர் முந்தானையை எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் உதட்டால் கேட்டார்.

"கேக்குதா?"

வெள்ளைத்தாய் சிரிப்பு மாறாமல் பார்த்தாள். டீச்சரின் கண்ணைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது. மில்லில் பேசுவதுபோல அவளும் உதட்டாலேயே பதில் சொன்னாள்.

"கேக்குது டீச்சர். நீங்க பேசுறதும் கேக்குது."